பெட்ஷீட் என்றால் பெட்ஷீட்தான்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. அதைப் போட்டவள் நான். கதைக்குள் எந்தப் பொருளும் சும்மா வராது. ஜன்னல் வந்தால் அது ஜன்னல் இல்லை. கிணறு வந்தால் அது கிணறு இல்லை. ஒரு கதையில் ஒருத்தி எலுமிச்சம்பழம் நறுக்கினால், அவள் உண்மையில் எதை நறுக்குகிறாள் என்று நாங்கள் ஒன்பது பேரும் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வோம். ஜூஸ் போட நறுக்கியிருப்பாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி, அபுதாபியில் முசஃபாவை ஒட்டி ஷாபியாவில் இருக்கும் என் வீட்டு ஹால். ஏன் என் வீடு என்றால், சனிக்கிழமைகளில் பெரும்பாலும் ஆம்பிளை இல்லாத வீடு அது ஒன்றுதான். என் கணவருக்கு ருவைஸில் சைட்டு. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம் என்பதால் அங்கேயே கம்பெனி ரூமில் தங்கிவிட்டுப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவார். அவர் வராத அந்தச் சனிக்கிழமையில் நாங்கள் பெண்ணடிமைத்தனத்தைப் பற்றிப் பேசுவோம்.

என் சோபாவில் நாலு பேருக்குத்தான் இடம். மீதி நாற்காலிகள் எதிர் வீட்டிலிருந்து வரும். நாற்காலிகளோடு எதிர் வீட்டுக்காரியும் வருவாள். முதல் மாதம் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள். திரும்பிப் போய் ஒரு தட்டு உளுந்து வடையைக் கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் கடைசி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. திருநெல்வேலிப் பக்கம். அவள் கணவர் முசஃபாவில் ஒரு கராஜில் ஃபோர்மேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

அந்த வருஷம் நாங்கள் எடுத்துக்கொண்ட விஷயம், மனம் பேதலித்த பெண்களைப் பற்றிய கதைகள். நான்தான் எடுத்துக்கொடுத்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியலே போட்டு வைத்திருந்தேன். பூட்டிய அறை, கூண்டுக் கிளி, உடைந்த கண்ணாடி, பாழுங்கிணறு, அவிழ்ந்த கூந்தல், ஆட்டம் போடுகிற பேய். நம் கதைகளில் ஒரு பெண்ணுக்கு மனசு சரியில்லை என்றால் அவளை நேராக அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவள் தலையை விரித்துப் போடுவார்கள், அல்லது கிணற்றடியில் உட்கார வைப்பார்கள். அவளை அழுத்தியவர்களை எழுதினால் ஊர் சண்டைக்கு வரும். கிணற்றை எழுதினால் கிணறு சண்டைக்கு வராது. இதை நான் சொன்னபோது எங்கள் வட்டத்துப் பல் டாக்டரம்மா தன் போனில் குறித்துக்கொண்டார். எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடே தேவைப்படவில்லை, அவ்வளவு பெருமை.

எதிர் வீட்டுக்காரிக்கு இதெல்லாம் ஏறவே ஏறாது. கதையைக் கவனமாகத்தான் படித்துவிட்டு வருவாள். ஆனால் கேட்கிற கேள்வி இருக்கிறதே! ஒருத்தி விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை கிணற்றையே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் கதையை நாங்கள் உருகி உருகிப் பேசினோம். அந்த இருட்டு அவள் மனதின் ஆழம் என்றார் பல் டாக்டர். எதிர் வீட்டுக்காரி கையைத் தூக்கினாள்.

"ஏன்க்கா, அந்த வீட்ல வேற யாரும் தண்ணி எடுக்க வரமாட்டாவளா? வந்தா, ஏட்டி இங்க என்ன செய்யுதன்னு கேக்கமாட்டாவளா?"

எல்லாரும் சிரித்தோம். இன்னொரு கதையில் மூன்று வருஷம் தலை வாராத நாயகி. "பேன் வச்சிருக்குமே, சொறிய மாட்டாளா?" என்றாள். கூண்டுக் கிளிக் கதையில், "வீட்டுக்காரி மூணு மாசம் படுத்த படுக்கையா கெடந்தாளே, கிளிக்கு யாரு பழம் வச்சா?" என்றாள். எனக்குத் தாங்கவில்லை.

"நீ கதை படிக்கிறியா, வாடகைக்கு வீடு பாக்க வந்தியா?" என்று கத்தினேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "வீடுதான்க்கா பாக்கேன். எனக்கு அதுதான் தெரியும்" என்றாள். எல்லாரும் மறுபடி சிரித்தோம், அவளும் சிரித்தாள்.

இனி என் கதை. அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

இருபது வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இங்கே வந்தேன். என் முதல் பாஸ்போர்ட்டில் அடித்த விசாவில் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்றும், கீழேயே வேலை பார்க்க அனுமதி இல்லை என்றும் இருந்தது. இரண்டு மொழியில் வேறு, ஒன்றில் புரியாவிட்டால் இன்னொன்றில் புரிந்துகொள்ளட்டும் என்று. அனுமதி வாங்கி வேலைக்குப் போன பெண்கள் எத்தனையோ பேர் உண்டு. எங்கள் வட்டத்தில் இருக்கும் கணக்கு டீச்சரே அப்படித்தான். நான் முதலில் அடுத்த வருஷம் என்றேன், பிறகு மகள் பள்ளிக்குப் போகட்டும் என்றேன், பிறகு எதுவும் சொல்வதை விட்டுவிட்டேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. அதனால் யாரைக் குறை சொல்வது என்றும் தெரியவில்லை. மகள் இருந்தவரைக்கும் பொழுது ஓடியது.

போன ஆகஸ்டில் மகள் கல்லூரிக்குச் சென்னைக்குப் போனாள். கணவர் ஏற்கெனவே ருவைஸில். ஏர்போர்ட்டிலிருந்து நான் மட்டும் வீட்டுக்குத் திரும்பினேன். நாலைந்து நாள் கழித்து மெத்தையில் டீயைக் கொட்டிவிட்டேன். நீலப் பூப்போட்ட பெட்ஷீட். எடுத்து மெஷினில் போட்டேன். சமையலறையில் ஸ்டூலைப் போட்டு மெஷினின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். உள்ளே நீலப் பூ மேலே வரும், கீழே போகும், மேலே வரும். ஒரு மணி இருபது நிமிஷம். அந்த நேரம் முழுக்க எனக்குப் பயமாக இல்லை. மெஷின் நின்று மணியடித்ததும் மறுபடி பயம் வந்தது. எதற்குப் பயம் என்று கேட்காதீர்கள், அது தெரிந்தால் நான் ஏன் பயப்படப் போகிறேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதே பெட்ஷீட்டைத் திரும்பப் போட்டேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. அதற்கு மறுநாளும் போட்டேன். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்பதால் ஹாலில் ஸ்டாண்டை விரித்து அதில் காயவைப்பேன். காய்ந்தும் காயாததுமாக எடுத்து மறுபடி மெஷினில் போடுவேன். தூக்கம் விடியற்காலை மூன்றோடு சரி. வாயில் வைத்தது எதுவும் ருசிக்கவில்லை. நவம்பர் வந்து வெயில் இறங்கியதும் ஷாபியாவே பார்க்குக்குக் கிளம்பிவிட்டது. நான் ஸ்டூலைவிட்டு நகரவில்லை. நீலப் பூ எல்லாம் வெளுத்துச் சாம்பல் பூவாகிவிட்டது.

முதலில் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? கீழே பகாலா என்கிற மளிகைக் கடையில் இருக்கும் மலையாளி. போன் செய்து நாலாவது சோப்புத்தூள் பாக்கெட் கேட்டதும், "சேச்சி, லாண்ட்ரி துடங்கியோ?" என்றார். நான் வெடுக்கென்று போனை வைத்துவிட்டேன். சோப்புத்தூள் மட்டும் சரியாக வந்து சேர்ந்தது.

கணவர் தினமும் மத்தியானம் கூப்பிடுவார். வீட்டுக்கு வருகிற நாளிலும் மெஷின் ஓடினால் வீட்டு வேலை என்றுதான் நினைத்துக்கொள்வார். கெட்டவர் இல்லை. நல்ல மனுஷன்தான்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன பண்றே?"

"துணி துவைச்சிட்டிருக்கேன்."

"மெஷின் துவைக்குதுன்னு சொல்லு. உனக்கென்ன குறைச்சல், ராணி மாதிரி இருக்கே! இங்க வந்து பாரு, சைட்ல மண்டை காயுது."

அந்த 'உனக்கென்ன குறைச்சல்' என்ற வார்த்தைக்கு மேல் என்னால் ஒன்றும் பேச முடியாது. குறைச்சல் ஒன்றும் இல்லைதான். ஏசி இருக்கிறது, அரிசி இருக்கிறது, அடுத்த மாதம் புது சோபா வரப் போகிறது. மனநோய், மனச்சிதைவு, ஒடுக்குமுறை என்று மாதாமாதம் ஹாலில் நின்று முழங்குகிற எனக்கு, 'எனக்கு ஒரு மாதிரி இருக்குங்க' என்று போனில் சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, சொல்லியும் அவர் 'சரி, தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

அந்த நவம்பர் கூட்டத்தில் என் முறை. படித்தது போதும், ஆளுக்கொரு கதை நாமே எழுதுவோம் என்று தொடங்கியிருந்தோம். நான் உட்கார்ந்து எழுதினேன். ஒருத்தி தினமும் காலை பத்து மணிக்குச் சுத்தமான பெட்ஷீட்டை மெஷினில் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. ஒரு குறியீடும் வைக்கவில்லை. வேண்டுமென்றே வைக்கவில்லை. மெஷின் எத்தனை நிமிஷம் ஓடும் என்பதுவரை உள்ளதை உள்ளபடி எழுதினேன். எழுபது நாளை நாற்பது என்று போட்டது மட்டும்தான் பொய். எழுபது என்று எழுதக் கை கூசியது.

நான் எதற்காக எழுதினேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வாசித்து முடித்ததும் எட்டுப் பேரில் ஒருத்தியாவது 'இது நீயா?' என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். யாரும் கேட்காவிட்டால் மறுநாள் காலை பத்து மணிக்கு என்ன செய்வேன் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

ஹாலில் இருந்த துணி ஸ்டாண்டைப் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டு, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வாசித்தேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. முடித்ததும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

"பிரமாதம்!" என்றார் பல் டாக்டர். "அந்தப் பெட்ஷீட் இருக்கே, அதுதான் தாம்பத்தியம். துவைக்கத் துவைக்க வெளுக்குது பாருங்க."

"அதைவிட அந்த வட்டக் கண்ணாடி!" என்றார் கணக்கு டீச்சர். "வட்டத்துக்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. பெண்ணோட உழைப்பு அப்படித்தானே? நான் அழுதுட்டேங்க."

அப்புறம் பிடித்துக்கொண்டார்கள். நுரை என்பது அவள் பேசாமல் விழுங்கிய பேச்சாம். நீலப் பூ அவள் இழந்த வானமாம். காலை பத்து மணி, அதில் வரும் ஒன்று அவள் தனிமை, பூஜ்யம் அவள் வாழ்க்கை. சோபாவின் மூலையில் இருந்த ஒருவர், அவள் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே, மூன்று கால் என்பது அப்பா, புருஷன், மகன் என்றார். நான் பழக்கத்தில் முக்காலி என்று எழுதிவிட்டேன். என் ஸ்டூலுக்கு நாலு கால்.

இது அத்தனையும் நான் கற்றுக்கொடுத்த வித்தை! ஒரு வருஷமாக வாய் வலிக்க வலிக்கச் சொல்லி வளர்த்துவிட்டிருக்கிறேன். இப்போது என் கண் முன்னால் என்னையே பிரித்து மேய்கிறார்கள், நான் உள்ளே இருப்பது ஒருத்திக்கும் தெரியவில்லை. வாயைத் திறந்து, அடப் பாவிகளா, அது நான்தான் என்று கத்தியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெட்கத்தோடு சிரித்து, "ஆமா, அந்த அர்த்தத்துலதான் எழுதினேன்" என்றேன். அதோடு நிறுத்தினேனா? "மெஷின் கடைசில மணியடிக்குதே, அதை யாரும் கவனிக்கலையே" என்று ஒரு குறியீட்டை நானாகச் சேர்த்துவிட்டேன். கை தட்டினார்கள். எனக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது, அதுதான் கொடுமை.

எதிர் வீட்டுக்காரி கை தட்டவில்லை. வடைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அக்கா, சுத்தமா இருக்க துணிய எதுக்கு துவைக்கா? சாயம் போயிரும்லா?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"இல்ல, கேக்கேன். அவ சாப்பிடுதாளா இல்லையா? கத முழுக்கச் சோறே வரலயே."

"அது குறியீடு! உனக்கு எத்தனை தடவ சொல்றது?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். ஒரு வருஷமாகத் திட்டியதிலேயே அதுதான் பெரிய திட்டு. அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு எல்லாரும் கிளம்பியதும் நாற்காலிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு அவளும் போய்விட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, பெட்ஷீட்டை மெஷினுக்குள் திணித்துக் கதவைச் சாத்தும்போது அழைப்பு மணி அடித்தது. போய்த் திறந்தால் எதிர் வீட்டுக்காரி. இடுப்பில் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி. வாளி நிறைய அவள் கணவருடைய கராஜ் யூனிஃபார்ம், கிரீஸும் ஆயிலும் அப்பிக்கொண்டு, ஐந்தாறு நாள் அழுக்கு.

"அக்கா, எம் மெஷினு மக்கர் பண்ணுது. உங்கதுல போட்டுக்கிடட்டா?"

அவள் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவளுடைய மெஷின் தடதடவென்று சுற்றிக்கொண்டிருக்கிற சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

"அது?" என்றேன்.

"அது சும்மா சுத்துதுக்கா. துவைக்காது."

பொய் சொல்லத் தெரியாத ஒருத்தியை நான் என் வாழ்நாளில் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. என்னைத் தாண்டி உள்ளே நடந்து, நேரே சமையலறைக்குப் போய், வாளியை வைத்துவிட்டு மெஷினைத் திறந்தாள். பெட்ஷீட்டை வெளியே இழுத்தாள். முகர்ந்து பார்த்தாள். வெளுத்த பூக்களை விரலால் தடவினாள்.

"நேத்து தட்டுக் கழுவ வந்தப்பவும் இது இதுக்குள்ளதான் கெடந்துச்சு. கதையில நாப்பது நாளுன்னு எழுதியிருக்கிய. நெசமா எத்தனை நாளாக்கா?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் வீட்டுக்குள் வந்து என் மெஷினைத் திறந்து என்னையே கேட்கிறாள், எவ்வளவு தைரியம்! ஏதோ வெடுக்கென்று சொல்ல வாயைத் திறந்தேன். "எழுபது" என்று வந்தது. அப்புறம் அழுகை வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். கதைகளில் பெண்கள் அழகாக அழுவார்கள், நான் அப்படி அழவில்லை.

அவள் என்னைத் தேற்றவே இல்லை. வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பாக்கெட்டாகக் கைவிட்டுத் துழாவினாள். ஒன்றிலிருந்து ஒரு போல்ட் வந்தது, இன்னொன்றிலிருந்து பாதி கடித்த சாக்லெட் வந்தது. எல்லாவற்றையும் ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். துணிகளை மெஷினில் போட்டாள். பட்டனை அழுத்திவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கூர்ல இதுக்கெல்லாம் கோட்டி, அதான் பைத்தியம்னு ஒரே வார்த்ததான். சவுதியில தம்மாம்ல இருந்தப்ப எனக்கும் இருந்துச்சு. மூத்தவன் பொறந்த புதுசு. அவுக காலைல டூட்டிக்குப் போயிருவாவ. நான் ஹால்ல டைல்ஸ எண்ணுவேன். எரநூத்திப் பதினாறு. திருப்பி எண்ணுவேன். அதே எரநூத்திப் பதினாறுதான், கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது."

நான் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டேன். "டைல்ஸ் எதுக்குக் குறியீடு?"

"டைல்ஸ் டைல்ஸ்தான்க்கா. எண்ணுனதுதான் நோவு."

எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். மெஷினுக்குள் தண்ணீர் கன்னங்கரேலென்று சுற்றியது. எழுபது நாளாகத் தெளிந்த நீரில் வெள்ளை நுரையைப் பார்த்த கண்ணுக்கு அந்த அழுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. மணியடித்து வெளியே எடுத்தபோது காலரில் கிரீஸ் அப்படியே இருந்தது. இன்னொரு தடவை போட வேண்டும் என்றாள். போட்டோம். இந்த முறை போட வேண்டிய காரணம் இருந்தது. அதற்குள் அவள் தன் வீட்டுக்குப் போய்ச் சோறும் புளிக்குழம்பும் கொண்டுவந்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று எனக்குத் தெரிந்தது. அதைச் சொன்னதும், "தெரியுதுல்லா, அப்ப பரவாயில்ல" என்றாள்.

"அப்புறம் உனக்கு எப்படிச் சரியாச்சு?" என்று கேட்டேன்.

"டாக்டரம்மா மாத்தர குடுத்தா. தின்னேன். ஆறு மாசத்துல சரியாப் போச்சு." காய்ச்சல் வந்து போனதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். என் நோட்டுப் புத்தகப் பட்டியலில் அத்தனை பூட்டிய அறைகள், அத்தனை கிணறுகள் இருந்தன. அதில் ஒரு நாயகிகூட டாக்டரிடம் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமை அவளே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசினார். எப்போதிருந்து, எத்தனை மணி நேரத் தூக்கம், பசி எப்படி என்றெல்லாம் கேட்டார். எல்லாம் எதிர் வீட்டுக்காரி ஒரு வருஷமாக எங்கள் ஹாலில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகள்.

"இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னேன் டாக்டர். எட்டுப் பேர்கிட்ட. ஏழு பேர் கை தட்டினாங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பக்கத்திலிருந்து எதிர் வீட்டுக்காரி, "அது ஒரு கத டாக்டர். அக்கா எழுதுவாவ" என்று அவசரமாகச் சொல்லி என்னைக் காப்பாற்றினாள்.

கணவருக்கு அன்றைக்கே போனில் சொன்னேன். நேராக, ஒரே மூச்சில் சொன்னேன். 'உனக்கென்ன' என்று தொடங்கி அப்படியே நிறுத்திவிட்டார். மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். கதையைக் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து நியூஸ் பேப்பரைத் தவிர வேறெதையும் படித்திராத மனுஷன், சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"இது நம்ம வீடாச்சே" என்றார். பிறகு மெஷினையே பார்த்துக்கொண்டு, "நான் தினமும் கேட்டேனே. துவைக்கறேன்னுதானே சொன்னே?"

"ஆமா. அதைத்தான் சொன்னேன்."

அவர் கண் கலங்கியது. எனக்கும் பாவமாக இருந்தது. அதற்காக விட்டுவிடுவேனா, இருபது வருஷத்துக்கும் சேர்த்து நன்றாக ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். சண்டை போடத் தெம்பு வந்துவிட்டது என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என எதிர் வீட்டுக்காரி சொன்னாள். மாத்திரை ஆரம்பித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

டிசம்பர் கூட்டம் வந்தது. கட்டடங்களிலெல்லாம் அமீரகத்தின் தேசிய தினத்துக்குப் போட்ட விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. நான் ஐந்து மணி நேரம் தூங்க ஆரம்பித்திருந்தேன். துணி ஸ்டாண்டை ஹாலிலேயே விட்டுவைத்தேன். அதில் துவைக்க வேண்டிய துணிகள் மட்டும்தான் காய்ந்தன. எல்லாரும் உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன்.

"போன மாசக் கதைல ஒரு திருத்தம். பெட்ஷீட் தாம்பத்தியம் இல்ல. வட்டம் பெண்ணோட உழைப்பு இல்ல. பெட்ஷீட்னா பெட்ஷீட்தான். அது நான். எனக்கு உடம்பு சரியில்ல, மனசு சரியில்ல. இப்ப மாத்திரை சாப்பிடறேன்."

பல் டாக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார், பாவம், பதற்றத்தில் என்ன கேட்பதென்று தெரியாமல், "அப்ப உங்க தாம்பத்தியம்?" என்றார்.

"அது நல்லாத்தான் இருக்கு. பெட்ஷீட்தான் கிழிஞ்சுபோச்சு" என்றேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "கை தட்டினேனே, கை தட்டினேனே" என்று தோளில் முகத்தை வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். "நீங்க மட்டுமா, நானும் எனக்கே தட்டிக்கிட்டேன்" என்றேன்.

அன்றைக்குக் கதை வாசிக்க வேண்டியவர் கணக்கு டீச்சர். வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். நாங்கள் விடவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வேகவேகமாக, மூச்சுவிடாமல் வாசித்தார். ஒருத்தி தினமும் வேலை முடிந்து வந்து, வீட்டுக்குக் கீழே பார்க்கிங்கில் காரை நிறுத்துகிறாள். ஏசியை ஓடவிட்டு இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். மேலே போனதும், டிராஃபிக் என்று சொல்கிறாள். அவ்வளவுதான் கதை.

கார் என்றால் என்ன, பார்க்கிங் என்றால் என்ன என்று என் மண்டைக்குள் பழைய நோட்டுப் புத்தகம் தானாகப் புரண்டது. பல் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எதிர் வீட்டுக்காரியைப் பார்த்தேன். வழக்கமாக இந்த நேரத்துக்குக் கையைத் தூக்கிவிடுவாள். அன்றைக்கு அவள் தூக்கவில்லை. நீயே கேளேன் என்பதுபோல் என்னைப் பார்த்தபடி இருந்தாள்.

"டீச்சர்," என்றேன், "எத்தனை நாளா?"

டீச்சர் தாளை மடியில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கோடை லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்ததுலேர்ந்து" என்றார்.

எதிர் வீட்டுக்காரி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் டீச்சர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நானும் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன்.